பூட்டுக் கம்பெனிக்காரர் செய்த வால்வு: சிலிக்கோன் உடம்புக்குள் போன கதை

2005ல் ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை வந்தது. உகாண்டாவின் ம்பாலே நகரத்தில் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றை நடத்திவந்த பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் எழுதியது. தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் வந்த 195 குழந்தைகளுக்கு ஷண்ட் வைத்துப் பார்த்திருக்கிறார். சிலருக்கு அமெரிக்கத் தயாரிப்பு, விலை 650 டாலர். மற்றவர்களுக்கு உத்தரப்பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்ட், விலை 35 டாலர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் எதுவும் இல்லை.

இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது. ஒரு சின்ன ரப்பர் குழாய், அதில் ஒரு வால்வு. அதற்கு எதற்கு 650 டாலர்? சரி, 35 டாலருக்கு நன்றாகவே செய்ய முடிகிறது என்றால் 5 டாலருக்கு ஏன் முடியாது? எங்கே போய் நிற்கும் இந்த இறக்கம்? அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவனும் இல்லை, பாலிமர் வேதியியல் படித்தவனும் இல்லை. சாஃப்ட்வேர்க்காரன். ஆனால் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகாதபோது ஷண்ட் வைத்தார்கள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்ன மேடு மட்டும் தெரியும். அந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது, யார் முதலில் அதைச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

முதலில் ஒரு எழுத்துக் குழப்பம்

சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் என்பது தனிமம். மணலில் இருப்பது, கம்ப்யூட்டர் சிப்பில் இருப்பது. சிலிக்கோன் என்பது சிலிக்கான் அணுவும் ஆக்ஸிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி. ஒவ்வொரு சிலிக்கான் மேலும் பொதுவாக இரண்டு மீத்தைல் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகெலும்பு கண்ணாடி மாதிரி, மேல்தோல் எண்ணெய் மாதிரி. அதனால்தான் சூட்டைத் தாங்குகிறது, தண்ணீர் ஒட்டுவதில்லை, வேறு எதனோடும் சட்டென்று வினைபுரிவதும் இல்லை.

இந்தப் பெயரை வைத்தவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பேராசிரியராக இருந்த ஃப்ரெடெரிக் கிப்பிங். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தச் சேர்மங்களை ஆராய்ந்தவர். பிசுபிசுப்பான கோந்து மாதிரி ஏதாவது கிடைத்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அவருக்கு வேண்டியது சுத்தமான படிகங்கள். பின்னாளில் ஆற்றிய ஓர் உரையில், இந்தத் துறையில் பெரிதாக எதுவும் நடந்துவிடும் என்று நம்பிக்கை இல்லை என்கிற தொனியில் பேசினார். அவர் ஒதுக்கிவைத்த அந்தப் பிசுபிசுப்புதான் பின்னால் தொழிற்சாலைகளை ஓட்டியது.

1940 மே மாதம் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த யூஜின் ரோக்கோ ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார். சிலிக்கான் பொடி, கொஞ்சம் செம்பு, மீத்தைல் குளோரைடு வாயு, சுமார் 300 டிகிரி சூடு. இவ்வளவு போதும், சிலிக்கோனுக்கு வேண்டிய மூலப்பொருள் நேரடியாகவே வந்துவிடும். கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனியாக இதையே கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகத்தின் சிலிக்கோன் எல்லாமே இந்த வழியில்தான் தொடங்குகிறது. 1943ல் டவ் கெமிக்கலும் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியும் சேர்ந்து டவ் கார்னிங் என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கின. முதல் பெரிய வாடிக்கையாளர் போர் விமானங்கள்: உயரத்தில் பறக்கும்போது இக்னிஷன் அமைப்பில் ஈரம் புகாமல் அடைக்க ஒரு களிம்பு.

ஆக, உடம்புக்காக என்று யாரும் சிலிக்கோனை உருவாக்கவில்லை. அது விமான எஞ்சினுக்குப் பிறந்த பிள்ளை.

இன்ஜெக்ஷன் போட்ட குழாயில் ஒரு தந்தை பார்த்தது

1955 நவம்பரில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் ஜான் ஹோல்டர் என்பவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் கேஸி. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தை. கூடவே தலையில் நீர் கோத்துக்கொண்டது.

நம் மூளைக்குள் சில அறைகள் இருக்கின்றன. அங்கே தெளிவான ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர். ஊறுவது ஊற, பழையது ரத்தத்தில் கலந்துவிட வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் திரவம் தேங்கி மூளையை அழுத்தும். குழந்தைகளுக்கு மண்டை ஓடு இன்னும் இறுகாததால் தலையே பெரிதாகும். ஒரு குழாய் வைத்துத் திரவத்தை வேறு இடத்துக்கு வடிய விடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் இருந்தது. கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் ரத்தத்தில் கலந்துவிடும். சிக்கல் ஒன்றுதான்: குழாய் ஒருவழிப்பாதையாக இருக்கணும். ரத்தம் மேலே ஏறினால் உறைந்து அடைத்துவிடும். திரவம் மொத்தமாக வடிந்தாலும் ஆபத்து.

கேஸிக்கு மருத்துவம் பார்த்தவர் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் யூஜின் ஸ்பிட்ஸ். அவரும் ஃப்ராங்க் நல்சனும் 1949லேயே எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் வைத்த ஒரு வால்வை ஒரு குழந்தைக்குப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் அது நம்பகமாக எல்லோருக்கும் பயன்படுகிற பொருளாக மாறவில்லை.

ஹோல்டருக்கு மருத்துவம் தெரியாது. யேல் அண்ட் டவுன் என்ற பூட்டுக் கம்பெனியில் டெக்னிஷியன். ஆனால் நுணுக்கமான வேலை கைவந்தவர். மருத்துவமனையில் மகன் பக்கத்தில் இருந்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. நர்ஸ் ஒரு ரப்பர் குழாயின் சுவரில் ஊசியைக் குத்தி மருந்தை ஏற்றிவிட்டு ஊசியை உருவுகிறார். ஓட்டை இருக்கிறது, ஆனால் ஒழுகவில்லை. குழாயை அழுத்தினால் மட்டும் கொஞ்சம் கசிகிறது. விட்டால் மூடிக்கொள்கிறது.

இது வால்வுதானே! உள்ளே அழுத்தம் ஏறினால் திறக்கிறது, இறங்கினால் மூடுகிறது. ஸ்பிரிங் வேண்டாம், குண்டு வேண்டாம். ரப்பருடைய இழுவையே ஸ்பிரிங்.

வீட்டிலிருந்த பட்டறையில் ரப்பரை வைத்து ஒரு மாதிரி செய்தார். வேலை செய்தது. ஆனால் சாதாரண ரப்பரை உடம்புக்குள் நிரந்தரமாக வைக்க முடியாது. ஆட்டோக்ளேவில் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்க வேண்டும். அதைத் தாங்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே இழுவையோடு இருக்க வேண்டும். இந்தத் தேடலில்தான் சிலிக்கோன் ரப்பர் வந்து சேர்ந்தது. டவ் கார்னிங் அதை சிலாஸ்டிக் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தது.

ஹோல்டர் வால்வின் அமைப்பு இதுதான்: நடுவில் சிலிக்கோன் குழாய். இரண்டு முனையிலும் எஃகுக் கூட்டுக்குள் பிளவு போட்ட சிலிக்கோன் மூடி, மீன் வாய் மாதிரி. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைத்தால், நடுக்குழாயை விரலால் அமுக்கி வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். டெஸ்ட் செய்யும் வசதியையும் டிசைனிலேயே வைத்துவிட்டார் மனிதர். எங்கள் தொழிலில் இதைச் செய்யச் சொல்லி எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது!

1956 மார்ச்சில் முதல் வால்வு பொருத்தப்பட்டது. கேஸிக்கு இல்லை. அப்போது அவன் உடல்நிலை அதற்கு இடம் கொடுக்கவில்லை; வேறொரு குழந்தைக்குப் போனது, நன்றாக வேலை செய்தது. கேஸிக்குப் பிறகுதான் கிடைத்தது. அவன் ஐந்து வயது வரை இருந்தான். ஹோல்டர் பூட்டுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வால்வு செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார். தன் மகனைக் காப்பாற்றச் செய்த பொருள் ஆயிரக்கணக்கான மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றியது.

அதே வருடங்களில் அமெரிக்காவின் மறு ஓரத்தில், கலிஃபோர்னியாவில், ராபர்ட் புடென்ஸ் என்ற மருத்துவரும் டெட் ஹேயர் என்ற இன்ஜினியரும் இதே பிளவு வால்வு யோசனைக்குத் தனியாக வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு ருடி ஷுல்டே என்ற நுண்கருவி வல்லுநர் சேர, ஹேயர்-ஷுல்டே என்ற கம்பெனி உருவானது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாவு பிசைவது, முறுக்குப் பிழிவது, மெழுகுவர்த்தி முக்குவது

இனி செய்முறைக்கு வரலாம். என் கேள்விக்கான பதில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சுத்தமான சிலிக்கோன் கோந்தை மட்டும் இறுக வைத்தால் வரும் ரப்பரை விரலாலேயே கிழித்துவிடலாம். பலம் கொடுப்பது அதில் கலக்கும் மிக நுண்ணிய சிலிக்காத் தூள். புகைபோல லேசாக இருக்கும் இந்தத் தூளை 1940களில் ஜெர்மனியின் டெகுஸா கம்பெனியில் உருவாக்கினார்கள். அதைச் சேர்த்தால் ரப்பரின் பலம் இருபது மடங்குக்கு மேல் ஏறுகிறது. கலப்பது எப்படி? எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டு விட்டு எடுப்பார்கள். சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரிதான். சரியாகக் கலக்காத இடத்தில் கட்டி நிற்கும், அந்த இடத்தில் பின்னால் கிழியும்.

அடுத்தது இறுக வைப்பது. இதற்கு இரண்டு வழி. பழைய வழி பெராக்ஸைடு: சூடேற்றினால் உடைந்து சங்கிலிகளை ஒன்றோடொன்று கோக்கும். ஆனால் உடைந்த பெராக்ஸைடின் மிச்சங்கள் ரப்பருக்குள்ளேயே தங்கும். அதனால் வார்த்த பொருளை மறுபடி அடுப்பில் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்து அந்த மிச்சங்களை ஆவியாக்க வேண்டும். இந்த இரண்டாம் வேக்காட்டைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம், நேரம் மிச்சம். வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

புதிய வழி பிளாட்டினம். இரண்டு பாகமாக வரும். கலந்தால் மிகச் சிறிதளவு பிளாட்டினம் வினையைத் தூண்டி இறுக வைக்கும், மிச்சக் கழிவு ஏதும் வராது. ஆனால் பிளாட்டினத்துக்குக் கந்தகம் ஆகாது. தொழிலாளி லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு தொட்டால்கூட, அந்தக் கையுறையில் இருக்கும் கந்தகம் போதும், தொட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கையுறையை மாற்றினால் ப்ரொடக்ஷன் லைன் படுத்துவிடும் என்பது எங்கள் ஊர் பக் கதைகளுக்குச் சற்றும் குறைந்ததில்லை.

குழாய் செய்வது முறுக்குப் பிழிவது போல. அச்சின் ஓட்டைக்கு நடுவில் ஒரு ஊசி நிற்கும். அதைச் சுற்றிக் கோந்து வெளியே வரும்போது நடுவில் துளையோடு வரும். வந்தவுடன் சூடான காற்றுச் சுரங்கத்துக்குள் போய் இறுகிவிடும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காக பேரியம் சல்ஃபேட் கலப்பார்கள். இதிலும் ஒரு சோதனை பின்னால் தெரியவந்தது. பல வருடம் கழித்து, பேரியம் கலந்த குழாயின் மேல் சுண்ணாம்பு படிந்து, கழுத்துப் பக்கம் தசையோடு ஒட்டிக்கொள்கிறது. குழந்தை வளர்கிறது, குழாய் வழுக்கிக்கொண்டு நீள இடம் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் அறுந்துவிடுகிறது. எக்ஸ்ரேக்காகச் செய்த உதவி பத்து வருடம் கழித்து வேறொரு இடத்தில் வலிக்கிறது.

பிளவு போடுவதும் சாதாரண வேலை இல்லை. பிளேடால் கீறிய இரண்டு சிலிக்கோன் விளிம்புகள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே ஒட்டிக்கொள்ளும், ஆட்டோக்ளேவ் சூட்டில் இன்னும் அதிகமாக. ஒட்டினால் வால்வு திறக்காது. சில தயாரிப்புகளில் பிளவுக்குள் கிராஃபைட் தடவுவது இதனால்தான். பிறகு ஒவ்வொரு வால்வையும் தனித்தனியாக நீர்க்கம்பத்தோடு இணைத்து, எத்தனை மில்லிமீட்டர் நீரழுத்தத்தில் திறக்கிறது என்று பார்த்து, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்கிறார்கள். விலையின் ஒரு பெரிய பங்கு இங்கே போகிறது: ஒவ்வொன்றையும் சோதிப்பது, தேறாததைத் தூக்கிப் போடுவது.

மூன்றாவது முறை முக்குவது. மார்பக இம்ப்ளாண்டின் மேலுறையை இப்படித்தான் செய்கிறார்கள். வேண்டிய வடிவத்தில் ஒரு அச்சுக் கட்டையைக் கரைப்பானில் கரைத்த சிலிக்கோனில் முக்கி எடுத்து, கரைப்பான் ஆறவிட்டு, மறுபடி முக்கி, பல அடுக்கு வந்ததும் அடுப்பில் இறுக்குவார்கள். மெழுகுவர்த்தி செய்வதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பிறகு உறையை அச்சிலிருந்து உரித்தெடுத்து, உரித்த ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடி, உள்ளே ஜெல் நிரப்பி, மறுபடி வேகவைப்பார்கள்.

வெற்றியும் வழக்கும்

ஹோல்டர் மாதிரி ஆட்களும் மருத்துவர்களும் டவ் கார்னிங்குக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் ரப்பர் அனுப்புங்கள், இந்த உறுப்புக்கு இப்படி ஒன்று செய்யப்போகிறேன் என்று. 1959ல் இதற்கென்றே ஒரு மருத்துவ ஆய்வு உதவி மையத்தை மிச்சிகனின் மிட்லண்டில் அந்தக் கம்பெனி தொடங்கியது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் சிலிக்கோன் விரல் மூட்டு, காது வடிவம், கண் அறுவைப் பட்டை என்று வரிசையாக வந்தன. 1962ல் டெக்ஸஸின் ஹூஸ்டனில் தாமஸ் க்ரோனினும் ஃப்ராங்க் ஜெரோவும் முதல் சிலிக்கோன் ஜெல் மார்பக இம்ப்ளாண்டைப் பொருத்தினார்கள்.

அந்த மார்பக இம்ப்ளாண்ட்தான் பிறகு எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது. 1970களில் இயற்கையாகத் தெரியணும் என்று உறையை மெல்லியதாக்கினார்கள். ஜெல் உறை வழியாகவே கசிய ஆரம்பித்தது, சில கிழிந்தன. பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1992 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தி வைக்கச் சொன்னது. 1995 மே மாதம் டவ் கார்னிங் திவால் பாதுகாப்பு கேட்டது. 1999ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு எல்லா ஆய்வுகளையும் அலசி, மூட்டுவாதம் போன்ற உடல் முழுவதும் பரவும் நோய்களுக்கும் இம்ப்ளாண்டுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் கிழிவது, இறுகுவது, மறுபடி அறுவை செய்ய வேண்டியிருப்பது என்கிற உள்ளூர்ப் பிரச்சினைகள் உண்மைதான், அடிக்கடி வருகின்றன என்றும் சொன்னது. இரண்டு வாக்கியமும் முக்கியம். இணையத்தில் பெரும்பாலும் இதில் ஏதாவது ஒன்றை மட்டும்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. வழக்கு பயத்தில், நிரந்தரமாக உடம்புக்குள் வைக்கும் பொருட்களுக்கு மூலப்பொருள் தருவதையே 1990களின் தொடக்கத்தில் டவ் கார்னிங் நிறுத்த முடிவெடுத்தது. டூபாண்ட் கம்பெனியும் அதேபோல் டேக்ரான், டெஃப்லான் விநியோகத்தை நிறுத்தியது. ஒரு இம்ப்ளாண்டில் இருக்கும் மூலப்பொருளின் விலை சில சென்ட். அது தவறினால் வரும் வழக்கின் செலவு கோடிக்கணக்கில். கம்பெனி கணக்குப் போட்டால் விற்காமல் இருப்பதுதான் லாபம். ஆனால் ஷண்டை நம்பி உயிர் வாழும் குழந்தைகளுக்கு? பெற்றோர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முறையிட்டார்கள். 1998ல் ஒரு சட்டம் வந்தது: மூலப்பொருள் தந்தவர், சொன்ன தரத்தில் தந்திருந்தால், இறுதிப் பொருளின் குறைக்குப் பொறுப்பில்லை.

டவ் கார்னிங் விட்ட இடத்தை நிரப்பிய முக்கியமான கம்பெனி கலிஃபோர்னியாவின் நுசில். அதைத் தொடங்கிய டொனால்ட் மெக்கான் முன்பு டவ் கார்னிங்கில் இருந்தவர், பிறகு ஹேயர்-ஷுல்டேயில் இருந்தவர். குழந்தைகளின் வால்வுக்காக உருவான கைப்பழக்கம் இப்படிக் கம்பெனி கம்பெனியாகத் தாவிப் போயிருக்கிறது.

கோட்டைத் தாண்டியவர்கள்

மலிவுக்குக் கீழ் எல்லை எது என்ற என் கேள்விக்கு ஃப்ரான்ஸ் பதில் சொன்னது. தெற்குக் கடற்கரையில் லா சேன்-சூர்-மேர் என்ற ஊரில் ஜான்-க்ளோத் மாஸ் 1991ல் தொடங்கிய பிஐபி என்ற கம்பெனி, நுசில் ஜெல்லில் இம்ப்ளாண்ட் செய்வதாகச் சொல்லி அனுமதி வாங்கியது. உண்மையில் பெரும்பாலானவற்றில் நிரப்பியது தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிக்கோனில் தாங்களே கலந்த ஜெல். சோதனைக்கு வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவார்கள். வருவதற்குள் பீப்பாய்களை மறைத்துவிடுவார்கள். மருத்துவர்கள் கிழிந்த இம்ப்ளாண்டுகள் அதிகம் வருவதைக் கவனித்துப் புகார் செய்ய, 2010 மார்ச்சில் அரசு ஆய்வாளர்கள் உள்ளே நுழைந்து கண்டுபிடித்தார்கள். அதற்குள் சுமார் 3 லட்சம் பெண்களுக்கு, 65 நாடுகளில், போய்ச் சேர்ந்திருந்தது. 2013 டிசம்பரில் மாஸுக்கு நான்கு வருடச் சிறைத்தண்டனை.

இங்கே கவனிக்க வேண்டியது வேதியியல். இரண்டுமே சிலிக்கோன்தான். பிஐபி ஜெல்லில் சங்கிலியாகச் சேராமல் விட்டுப்போன சிறிய வளைய மூலக்கூறுகள் அதிகம். அவை உறைக்குள் ஊறி அதைப் பலவீனப்படுத்தக்கூடியவை. பிரிட்டனில் நடந்த விசாரணை, நீண்டகால நச்சு ஆபத்துக்கு ஆதாரம் இல்லை, ஆனால் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அளவுக்குக் கிழிகின்றன என்று முடித்தது. அந்த வளையங்களை நீக்க நேரமும் வெப்பமும் வெற்றிடமும் வேண்டும். அவற்றை நீக்கியதற்கு ஒவ்வொரு தொகுதிக்கும் ஆவணம் வேண்டும். விலை வித்தியாசம் என்பது அந்த வேலையும் அந்தத் தாளும்தான்.

மூலப்பொருள் சரியாக இருந்தாலும் செய்முறை காலை வாரும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. உடம்புக்குள் இம்ப்ளாண்ட் நகராமல் இருக்க மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். ஒரு முறையில், ஈரமான சிலிக்கோன் அடுக்கின் மேல் உப்புத் துகள்களைப் பதித்து, இறுகியபின் உப்பைக் கழுவிவிடுவார்கள். குழி குழியாக நிற்கும். இந்த வகையைச் சேர்ந்த அல்லர்கன் இம்ப்ளாண்டுகளோடு ஒரு அரிய நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபடுவதாகத் தெரியவந்து, 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. அதே சிலிக்கோன், வழவழப்பாக இருந்திருந்தால் கதை வேறு.

மதுரைக்கு வந்த குழாய்

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பத்தி உண்டு. கண்ணில் நீரழுத்தம் ஏறும் க்ளாக்கோமா நோயில் சொட்டு மருந்தும் வழக்கமான அறுவையும் பலிக்காதபோது, கண்ணுக்குள்ளிருந்து திரவத்தை வெளியே வடிய விட ஒரு சின்ன சிலிக்கோன் குழாயும் தட்டும் பொருத்துவார்கள். தலையில் செய்த அதே வேலைதான், அளவு மட்டும் சிறிது. வெளிநாட்டுத் தயாரிப்பு பல நூறு டாலர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்த, 1992ல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம், 2013ல் தன் சொந்தத் தயாரிப்பைக் கொண்டுவந்தது. தட்டின் பரப்பு 350 சதுர மில்லிமீட்டர். விலை சுமார் 50 டாலர்.

எப்படி முடிந்தது? மூலப்பொருளில் கை வைக்கவில்லை. நிரந்தர இம்ப்ளாண்டுக்கான அதே நுசில் சிலிக்கோன். இதில் வால்வே கிடையாது. குழாயை உடம்பில் தானே கரையும் நூலால் கட்டிவிடுகிறார்கள். சில வாரத்தில் தட்டைச் சுற்றித் தசை உறை உருவாகிவிடும். அந்த நேரத்துக்கு நூலும் கரைந்து குழாய் திறக்கும். ஹோல்டருக்கு வால்வு செய்துகொடுத்த வேலையை இங்கே காலம் செய்கிறது.

சாப்ரா ஷண்டும் இதே வழிதான் என்று நினைக்கிறேன். எளிய வடிவம், உள்ளூர் உழைப்பு, குறைந்த லாபம், விளம்பரச் செலவு இல்லை. மலிவு வரக்கூடிய இடங்கள் இவை. மலிவு வரக்கூடாத இடங்கள்: கோந்தின் தூய்மை, இரண்டாம் வேக்காடு, ஒவ்வொரு வால்வுக்கும் தனிச் சோதனை, தொகுதி ஆவணம். பிஐபி கை வைத்தது இந்த இரண்டாவது பட்டியலில். வெளியே இருந்து பார்க்கும் நோயாளிக்கோ, ஏன், மருத்துவருக்கோகூட, பெட்டியைத் திறந்ததும் இந்த இரண்டு வகை மலிவையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால்தான் சொல்லாமல் வந்து சோதிக்கும் ஆய்வாளர் தேவைப்படுகிறார்.

இந்தியாவில் இப்போது செயற்கை முகப்பாகங்கள் முதல் மூட்டுகள் வரை சிலிக்கோனில் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் பெருகிவருகின்றன. நல்ல விஷயம். பூட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுப் பட்டறையில் தொடங்கியதுதானே இதெல்லாம். நீங்களோ உங்கள் வீட்டாரோ ஏதாவது ஒன்றை உடம்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டி வந்தால், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தொகுதி எண்ணுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுகிறோம் என்று செய்தி வந்தால், அது உங்களைப் பற்றிய செய்தியா இல்லையா என்று சொல்லக்கூடியது அந்தத் துண்டுத்தாள் ஒன்றுதான். எங்கள் சொந்தக்காரப் பெண்ணின் ஸ்டிக்கர் அவள் அம்மாவின் பீரோவில், பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கவருக்குள் இருக்கிறது.